வீரக்கலையும் கலாசாலைத் தேகப்பயிற்சியும்

கலாசாலைகளில் மற்போர் முதலிய வீரக்கலைகளைப் பயிற்றுவித்தால் மாணவர் முரடராவர் என்று அஞ்சும் பெற்றோர் நம் அன்பருள்ளும் உளர். அவ்வச்சம் தக்கதோ என்பதனை ஜப்பான் தேயத்து வரலாறொன்று கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1860-ஆம் ஆண்டிற் பிறந்த ஜிகோரோ கானோ என்பார் இளமையில் மெலிந்த யாக்கையர். வலிய மாணவரால் நலிவுற்றவர். 1877-இல் டோக்கியோ சர்வகலாசாலையிற் சேர்ந்த அவர், அந்நாளில் மதிப்பிழந்து கிடந்த ஜுஜுத்ஸு என்னும் பழைய மல்வித்தையை ஆசிரியரைத் தேடிக் கற்றார். 1882-இல் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 12 பாய் விரித்த சிற்றிடத்தே கோடோகன் என்னும் கழகம் நிறுவினார். ஊறு விளைப்பனவற்றைப் பயிற்சிப் போட்டியினின்று விலக்கி, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி, ஜுடோ எனப் பெயரிட்டார். ஜுத்ஸு என்பது வித்தை. டோ என்பது நெறி. பெயரிலேயே அவர் கருத்துப் புலனாம்.

1884-இல் அரசினர், ஜுஜுத்ஸு பள்ளிப் பாடத்திற்கு ஏலாதென ஒதுக்கினர். கானோ தளர்ந்திலர். 1893 முதல் 1920 வரை, இடையிடையே நீங்கினும், டோக்கியோ உயர்தர ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைக்குத் தலைவராய் விளங்கினார். அதன் வழித்தோன்றலாகிய ட்சுகுபா சர்வகலாசாலை இன்றும் ஜுடோவிற்குப் பேர்பெற்றது. 1911-இல் ஜுடோவும் வாட்பயிற்சியும் நடுத்தரப் பள்ளிப் பாடத்துள் இடம்பெற்றன.

இக்கலையின் முதற்பாடம் பிறனை வீழ்த்துதல் அன்று. தான் ஊறின்றி வீழ்தலேயாம். தொடக்கத்தும் முடிவினும் எதிர்நின்றானை வணங்குதல் வேண்டும். அவன் கையால் தட்டிய அக்கணமே பிடியை விடுதல் வேண்டும். வலிமை தன் கையில் உள்ளபோதே அதனை அடக்கப் பழகுதலின் மேலான ஒழுக்கக் கல்வி யாது?

எனினும் வரலாற்றின் மறுபுறத்தையும் மறைத்தல் முறையன்று. 1931-இல் கட்டாயமாக்கப்பட்ட இப்பயிற்சி, போர்க்காலத்தே படைப்பயிற்சியாகத் திரிந்தது. ஆதலின் 1945-இல் நேசநாட்டார் அதனைப் பள்ளிகளினின்று விலக்கினர். 1950-இல் ஜுடோ மீண்டது. 2012 முதல் நடுநிலைப் பள்ளிகளில் வீரக்கலை கட்டாயப் பாடமாயிற்று. ஆயின், 1983-க்குப் பிற்பட்ட முப்பதாண்டுகளில் அந்நாட்டுப் பள்ளிகளில் ஜுடோ பயின்று இறந்த மாணவர் 100-க்கு மேற்பட்டோர், தலையடியே பெருங்காரணம். வீழக் கற்பிக்குமுன் வீழ்த்தக் கற்பித்தலின் கேடு இத்தகையது.

ஆகவே, நன்மையும் தீமையும் கலையின்கண் இல்லை. கற்பிப்பான்கண் உள்ளன என்பதே யாம் கண்ட முடிபு. அன்பர்காள்! நும் மக்களைத் தடுக்க வேண்டா. ஆயின், அனுப்புமுன் ஆசிரியரை நேரிற் கண்டு, “முதலில் யாது கற்பிப்பீர்?” என்று வினவுமின். “வீழ்தல்” என்பாராயின், அச்சமின்றி ஒப்புவிமின்.