புல்லட்டுக்கு கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஓர் அண்ணன் தங்கைக்குப் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் ஓசூரிலிருந்து போன் செய்தான். மறுநாளே அவன் தங்கை செங்கல்பட்டிலிருந்து பேசினாள். இருவருமே என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். விஷயம், காலமான அவர்கள் அப்பாவின் 1978 புல்லட். அண்ணன் அதில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைக்கப் போகிறான். "அதை மாத்திட்டா அது அப்பா வண்டியே இல்ல சார்" என்கிறாள் தங்கை. இரண்டு மாதமாக இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லையாம். "நீங்க சொன்னா கேட்டுக்கறோம்" என்று இரண்டு பேரும் சொன்னதுதான் எனக்குச் சங்கடம். ஆகவே, எனக்குத் தெரிந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை நிறுத்தி, இன்னொரு ஸ்ட்ராவால் அதன் வாய்க்குக் குறுக்கே ஊதிக் காட்டியது நினைவிருக்கிறதா? தண்ணீர் மேலேறி முதல் பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தில் தெறித்தது. காற்று வேகமாகப் போகும் இடத்தில் அழுத்தம் குறையும். கார்புரேட்டர் அவ்வளவுதான். 1893 வாக்கில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலை இப்படித் தெளிக்கும் அமைப்பைச் செய்தார். அதே காலத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் செய்தார்கள். அதற்கு மின்சாரமோ கணக்கோ வேண்டாம். எஞ்சின் இழுக்கும் காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலையும் இழுத்துக்கொள்ளும். நூறு வருடத்துக்கு மேல் உலகத்தை ஓட்டியது இந்த எளிய தந்திரம்தான்.

அதன் பலவீனம் முதலில் பெரிதாகத் தெரிந்தது சாலையில் அல்ல, வானத்தில். 1940-ல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் மிதவை வைத்த கார்புரேட்டர். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்ப். ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்திப் பாய்ந்தால், பின்னால் துரத்திய ஆங்கிலேயரும் குத்துவார். அந்த நொடி மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பிவிடும். எஞ்சின் இருமி நிற்கும். இதற்கு 1941-ல் தற்காலிக மருந்து கண்டுபிடித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். நடுவில் துளையிட்ட ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். பெட்ரோல் அளவுக்கு மீறி வெள்ளமாகப் பாயாமல் அது தடுத்தது. இந்த அம்மையார் 1934-லேயே ப்ரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். என் மாணவிகள் இதைக் கவனிக்கவும்.

அந்த ஜெர்மன் பம்ப் எலக்ட்ரானிக் அல்ல, முழுக்க இயந்திரம். எலக்ட்ரானிக் முறையை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பெண்டிக்ஸ். எலக்ட்ரோஜெக்டர் என்று பெயர். 1958 மாடல் கிரைஸ்லர், டெசோட்டோ, டாட்ஜ், பிளிமத் கார்களில் சுமார் 35 வண்டிகளில் பொருத்தி விற்றார்கள். யோசனை சரியானது. ஆனால் அன்றைய மின்னணு உதிரிப்பாகங்கள் எஞ்சினின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. வாங்கியவர்கள் திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வந்தார்கள். கடைசியில் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எலக்ட்ரானிக் அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது!

இதை நான் முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். இன்று ஊர் ஊராகக் கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்‌ஷன் மாட்டுகிறார்கள். உலகத்தின் முதல் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு நடந்ததோ நேர் எதிர் அறுவை சிகிச்சை. கழற்றிய பெட்டிகளை அன்று யாரும் பத்திரப்படுத்தவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு டெசோட்டோவை அசல் எலக்ட்ரோஜெக்டரோடு ஓட வைத்தபோது பழைய கார் உலகமே திரும்பிப் பார்த்தது.

பெண்டிக்ஸின் காப்புரிமைகளின் துணையோடு ஜெர்மனியின் பாஷ் வேலையைத் தொடர்ந்தது. 1967-ல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் வந்தது. 'டி' என்பது அழுத்தம் என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. காற்றுக் குழாயின் அழுத்தத்தை அளந்து, ஊசி எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று டிரான்சிஸ்டர் பெட்டி முடிவு செய்யும். இந்த முறை அது நிலைத்தது. காரணம் வேகமோ மைலேஜோ இல்லை, புகை. முதலில் கலிபோர்னியாவும், 1968 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும், புதிய கார்களின் புகைக்கு எல்லை போட்டன. 1976-ல் வோல்வோ கார்களில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. அது சைலன்சர் குழாயில் உட்கார்ந்து, எரிந்தது சரியா என்று பார்த்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில். கார்புரேட்டர் இதை உத்தேசமாகத் தரும். சென்சார் நொடிக்கு நொடி திருத்தும்.

இப்போது நம் புல்லட். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து ஆரம்பித்த என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் இதைத் தயாரித்தது. ரெட்டிச் தொழிற்சாலை மூடிய பிறகும் நம்மூரில் அது நிற்கவில்லை. ஐரோப்பாவின் புகை விதிகளுக்காக 2008-09 வாக்கில் 500 சிசி வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷன் வந்தது. 350 மட்டும் கார்புரேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்ததும் அதுவும் போயிற்று. ஆக, கம்பெனியே புல்லட்டை மாற்றிவிட்டது. "அப்ப நான் மாத்தினா என்ன தப்பு சார்?" என்பதுதான் அண்ணனின் வாதம்.

அவன் ஆசைக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அவன் ஊட்டிக்கு அடிக்கடி போகிறவன். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அதிகமாகக் கலந்துவிடும். வண்டி கரும்புகை விட்டுத் திணறும். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தை அளந்து தானே குறைத்துக்கொள்ளும். 2001-ல் பௌலிங், கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியை, வீட்டில் சால்டரிங் செய்து சேர்க்கும் அளவுக்கு எளிமையாக்கித் தந்த பிறகு, இது தனி ஆள் செய்யக்கூடிய வேலையும் ஆகிவிட்டது.

ஆனால் தம்பி, ஒற்றைச் சிலிண்டர் புல்லட் பொல்லாதது. நாலு சிலிண்டர் காரில் காற்று ஓரளவு சீராகப் போகும். இதில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 'கப்' என்று இழுத்துவிட்டுச் சும்மா இருக்கும். அழுத்தத்தை எந்த நொடியில் அளக்கிறாய் என்பதே பெரிய கேள்வி. அதற்குக் கிராங்கில் பல் சக்கரமும் சென்சாரும் வேண்டும். பெட்ரோலுக்கு சுமார் 3 பார் அழுத்தம் தரும் மின்பம்ப், திரும்பி வரும் பெட்ரோலுக்காக டேங்கில் ஒரு துளை, சைலன்சர் குழாயில் சென்சாருக்கு வெல்டிங். எல்லாவற்றுக்கும் மேல் மின்சாரம். அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு 6 வோல்ட். பம்பும் பெட்டியும் கேட்பது 12. பேட்டரி முழுதும் செத்துவிட்டால் டீகம்ப்ரசரை அழுத்தி, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து உன் அப்பா உதைத்த உதையெல்லாம் இங்கே பலிக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நீங்கள் இருவருமே யோசிக்கவில்லை. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசலாக இருக்க வேண்டும். 1978 வண்டிக்கு 2028-ல் 50 ஆகிறது. அதோடு, கம்பெனி தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றி 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதே.

என் அபிப்பிராயம் இது. டேங்கை வெட்டாதே, குழாயில் வெல்டிங் வைக்காதே. செய்தே தீர வேண்டுமென்றால் வேறு டேங்க், வேறு சைலன்சர், வேறு வயரிங் வாங்கிச் செய். நினைத்த நாளில் எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் பழையபடி மாட்ட முடிய வேண்டும். பழைய கார்புரேட்டரை பெட்ரோலில் கழுவி, காய வைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வை. அந்த 35 கார்களின் பெட்டிகளை எறிந்த மாதிரி எறிந்துவிடாதே.

இதை இருவருக்கும் தனித்தனியாகப் படித்துக் காட்டினேன். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அப்பா ஊட்டி போறப்ப குன்னூர்ல வண்டிய நிறுத்தி ஜெட்ட மாத்துவார். ஒரு கோபால் பல்பொடி டப்பாவுல ஜெட் எல்லாம் வெச்சிருப்பார். அந்த டப்பா எங்கிட்டதான் இருக்கு. அண்ணனுக்கு ஜெட் மாத்தத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றாள்.

அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். "அந்த டப்பாவ நாலு வருஷமா தேடறேன் சார்" என்றான். பொங்கலுக்கு செங்கல்பட்டு போவதாகச் சொல்லியிருக்கிறான், புல்லட்டிலேயே.