தூக்குமேடை ஏறிய தொழிற்சங்கத் தலைவர்: மலாயா கணபதி

கோலாலம்பூர் ஹாங் துவா சாலையில் இன்று பேரங்காடிகள் நிற்கும் ஓரிடம், ஒரு காலத்தில் பலருக்கும் அடிவயிற்றைக் கலக்கிய இடம். அங்குதான் புடு சிறைச்சாலை இருந்தது. 2010-ல் அதன் மதிற்சுவரை இடித்தபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அந்தச் சுவருக்குப் பின்னால் 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஒரு தமிழரைப் பற்றி எத்தனை பேர் அறிவார்கள்?

அவர் பெயர் எஸ்.ஏ.கணபதி. தமிழகத்தில் 'மலாயா கணபதி' என்பார்கள்.

தம்பிக்கோட்டையிலிருந்து...

தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே சிங்கப்பூருக்கு வந்தவர் கணபதி. நேதாஜியின் அழைப்பு இந்த மண்ணை உலுக்கியபோது, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பயிற்றுநராகப் பணியாற்றினார்.

அன்றைய தோட்டத் தொழிலாளியின் நிலையை அறிந்தால்தான் கணபதி எதற்காகப் புறப்பட்டார் என்பது புரியும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ்ப் பத்திரிகையாளர் ஆர்.எச்.நாதன் அதற்கு வழிகாட்டினார். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்!

பதில் என்ன? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இரண்டரை இலட்சம் பேரின் தலைவர்

போர் முடிந்து வெள்ளையர் திரும்பியபோது காலம் மாறியிருந்தது. நேதாஜியின் படையில் நிமிர்ந்து நின்றவன், மறுபடியும் துரைக்கு முன் குனிவானா? தொழிற்சங்கங்கள் காளான்போல் முளைத்தன. அவற்றை ஒன்றிணைத்த அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம், 1947 வாக்கில் தனக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பதாகக் கூறியது. சீனரும் இந்தியரும் ஒரே குடையின்கீழ் நின்றார்கள். அதன் தலைவராக உயர்ந்தார் கணபதி.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக்கூடாது. அந்தச் சம்மேளனத்தின் பின்னணியில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி இருந்தது. ஆட்சியாளர்களின் அச்சத்துக்கு அதுவே காரணம். 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. சங்கப் பொறுப்பாளர்கள் அந்தத் தொழிலிலேயே 3 ஆண்டு அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனம் அமைக்கலாம் என்று விதித்தார்கள். ஒரே அடியில் கணபதியின் சம்மேளனம் சட்டவிரோதமானது.

சில நாள்களில், ஜூன் 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தடை வந்தது. கணபதி தலைமறைவானார்.

ஒரு துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள்

1949 மார்ச் 1-ஆம் நாள் ரவாங் வட்டாரத்தில் அவர் பிடிபட்டார். கையில் ஒரு கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் இருந்தன என்பதே வழக்கு. கொலை செய்தார் என்பது குற்றச்சாட்டு அல்ல. ஆயுதம் வைத்திருந்ததற்கே மரண தண்டனை என்றது அவசரகாலச் சட்டம். துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கவே போனதாக அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. கைதாகி இரண்டே வாரத்தில் விசாரணை. அடுத்து மேல்முறையீடு, தள்ளுபடி. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்தியா தலையிட்டது. அந்த ஏப்ரலில்தான் நேரு இலண்டன் சென்று, குடியரசானாலும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கும் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த உறவின் பெயரால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று பலரும் நம்பினார்கள். நம்பிக்கை பலிக்கவில்லை. மே 4 விடிந்தது. கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான், சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவராக இருந்த வீரசேனன் ஜெலுபு வட்டாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஜொகூரில் அதே ஆயுதக் குற்றச்சாட்டில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற தமிழரின் கதை வேறுவிதமாக முடிந்தது. அவருடைய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-ல் அவர் தண்டனை ரத்தானது. ஒருவருக்குக் கிடைத்த அவகாசம் இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

தஞ்சைக்கும் மலாயாவுக்கும் இடையே

கணபதியைப் போலவே தஞ்சை மண்ணில் பிறந்து, சிங்கப்பூரில் உழைத்து, நேதாஜி படையில் சேர்ந்தவர் வாட்டாக்குடி இரணியன். ஊர் திரும்பி விவசாயிகளைத் திரட்டிய அவர், 1950 மே மாதம் போலீசாரால் சுடப்பட்டார். முரளி நடித்த 'இரணியன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். கணபதிக்கு அப்படியொரு படம் வாய்க்கவில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ல் முடிவுக்கு வந்தது. அதற்குள் பல ஆயிரம் உயிர்கள் போயிருந்தன. காவல் படையினர், கெரில்லாக்கள், எத்தரப்பிலும் சேராத பொதுமக்கள் என எல்லாரும் அதில் அடக்கம். முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களில் நம் சுங்கை வேயும் ஒன்று. கணபதி தேர்ந்தெடுத்த பாதை சரியா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் ஒரே தொழில், ஒத்த தொழில் என்று 1948-ல் போட்ட அந்த வேலியைக் கவனியுங்கள். 1959 தொழிற்சங்கச் சட்டத்திலும் அது தொடர்ந்தது. சங்கம் அமைப்பதற்கான அந்த வரம்பை நீக்கும் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2024 செப்டம்பர் 15. கணபதியின் சம்மேளனத்தை முடக்கிய கோடு, அவர் மறைந்து 75 ஆண்டுகளுக்குப் பிறகே அழிக்கப்பட்டிருக்கிறது.

பேரங்காடிக்குப் போகும் வழியில் பிள்ளைகள் கேட்டால், அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். அங்கே எஸ்.ஏ.கணபதி என்றொருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.