முகப்பும் முள்ளும்: கைக்கடிகார நுண்வேலை இடம் மாறிய வரலாறு

கடிகாரவியல் நூல்களைப் புரட்டினால் மயிர்ச்சுருள், சமநிலைச் சக்கரம், பற்சக்கரத் தொடர் ஆகியவற்றுக்கே பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். முகப்பும் முட்களும் ‘அலங்காரம்’ என்ற பெயரில் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விடும். இந்தப் பிரிவினை பொருந்தாது. உள்ளே இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும், அந்த ஒழுங்கு பார்ப்பவருக்குக் கிடைப்பது முள்ளின் நுனியும் முகப்பின் கோடும் சந்திக்கும் இடத்தில்தான். நுனி தடித்திருந்தாலோ கோடு சற்றே விலகியிருந்தாலோ, உள்ளே காப்பாற்றிய நொடிகள் வெளியே தொலைந்துபோகும். இயந்திரம் ஒரு படி ஏறிய போதெல்லாம் முகப்பு வேலையும் மாற நேர்ந்தது. 1969இல் குவார்ட்ஸ் கடிகாரம் வந்த பிறகு அந்தப் பிணைப்பு அறுந்து, துல்லியம் என்பதையே முகப்பின் குணமாக விற்கும் நிலை வந்தது. இந்த மாற்றம் நடந்த வழியைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

ஒற்றை முள்ளிலிருந்து இரட்டை முள்ளுக்கு

16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவில் செய்யப்பட்ட சட்டைப்பைக் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முள்தான். முகப்பில் மணிக்கும் மணிக்கும் இடையே கால் மணிக் கோடுகள் இருக்கும். அதற்கு மேல் பிரிவு கிடையாது. செய்தவர்களின் கைத்திறன் குறைவல்ல. ஒரு நாளில் அரை மணி நேரம் முன்னே பின்னே ஓடும் பொறிக்கு நிமிட முள் வைத்தால் அது பொய் சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1675இல் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் வடிவமைத்த மயிர்ச்சுருளைப் பாரிஸ் கடிகாரக் கைவினைஞர் ஐசக் துரே செய்து காட்டினார். அது தன் யோசனை என்று லண்டனில் ராபர்ட் ஹூக் சண்டைக்கு நின்றது தனிக்கதை. அந்தச் சுருளால் பிழை நாளுக்குச் சில நிமிடங்களாகச் சுருங்கியதும், ஒரு தலைமுறைக்குள் நிமிட முள் பொதுவழக்கானது. இன்று நாம் பேசும் நுண்வேலையின் பிறப்பிடம் இதுதான். ஒரே அச்சில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்குழாயின் தலையில் நிமிட முள், வெளிக்குழாயில் மணி முள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், முகப்பையும் உரசாமல், மேலுள்ள கண்ணாடியையும் முட்டாமல் சுற்ற வேண்டும். ஒற்றை முள் காலத்தில் இல்லாத ‘இடைவெளி’ என்ற கணக்கு அப்போதுதான் தொழிலுக்குள் வந்தது.

முகப்பும் சும்மா இருக்கவில்லை. லண்டன் பட்டறைகள் தடித்த வெள்ளி, தங்கத் தகடுகளைக் குடைந்து, எண்களின் பள்ளத்தில் கருமெழுகு நிரப்பின. மணி எண்களுக்கு வெளியே நிமிடங்களுக்கென்று தனி வளையம் வந்தது. அழகான வேலைதான், ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மேல் உலோக முள்ளைத் தேடுவது மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குச் சோதனை.

சுட்டெடுத்த வெண்மை

இதற்கான விடை நகைத்தொழிலிலிருந்து வந்தது. 1630 வாக்கில் பிரான்சின் ஷாதோதன் நகரில் ஜான் துதான் வெண்ணிற எனாமல் பரப்பின் மேல் வண்ணம் தீட்டிச் சுடும் முறையைப் பண்படுத்தியிருந்தார். புளுவா நகரமும் பிறகு ஜெனிவாவும் அதைக் கடிகாரக் கூடுகளுக்குப் பயன்படுத்தின. கால்வினின் சீர்திருத்த ஆட்சியில் ஆடம்பர நகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஜெனிவாவின் பொற்கொல்லர்களில் பலர் கடிகாரத்தின் பக்கம் திரும்பினர் என்பது வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி சுட்டும் காரணம். பிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டண்ட் அகதிகளின் கைத்திறனும் அதற்குச் சமமான காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

18ஆம் நூற்றாண்டில் வெண்ணிற எனாமல் முகப்பு மேலோங்கியது. மெல்லிய செப்புத் தகட்டைச் சற்றே குவித்துத் தட்டி, பின்புறம் சிறு செப்புக் கால்களைப் பற்றவைப்பார்கள். முகப்பு இயந்திரத்தின் மேல் அசையாமல் நிற்பது இந்தக் கால்களால்தான். கண்ணாடித் தூளை நீரில் கழுவித் தகட்டில் பரப்பி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் ஒரு நிமிடம் அளவுக்கு வைத்து எடுக்க வேண்டும். பிறகு இன்னொரு பூச்சு, இன்னொரு சூடு. செம்பும் கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. முன்பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து கண்ணாடி விரியும். அதனால் யாரும் பார்க்கப்போகாத பின்பக்கத்துக்கும் எனாமல் பூச வேண்டும். சூளைக்குள் பறந்து விழும் ஒரு தூசி வெண்பரப்பில் கரும்புள்ளியாக நிலைத்துவிடும். கடைசிச் சூட்டில் அது நேர்ந்தால் முந்தைய உழைப்பு முழுதும் வீண்.

இந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. எனாமல் வளைந்துகொடுக்காது. முள்ளைப் பொருத்தும்போது நடுத்துளையின் ஓரத்தில் சற்று அதிகமாக அழுத்தினாலோ, கால் திருகைக் கூடுதலாக முறுக்கினாலோ மயிரிழை விரிசல் ஓடிவிடும். பழைய சட்டைப்பைக் கடிகாரங்களில் விரிசல்கள் நடுத்துளையையும் கால்களையும் சுற்றியே அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

பிரெகே செய்த திருப்பம்

நியூஷாதெலில் 1747இல் பிறந்து பாரிஸில் தொழில் நடத்திய ஆபிரகாம்-லூயி பிரெகே முகப்பைக் கருவியாகவே நினைத்தவர். அக்கால வழக்கப்படி தங்கத்தில் பூவேலை செய்த குட்டை முட்களை ஒதுக்கிவிட்டு, 1783 வாக்கில் மெலிந்து நீண்ட முள்ளைக் கொண்டுவந்தார். நுனிக்குச் சற்று முன்னால் ஒரு வட்டம். அதற்குள் மையம் விலகிய ஒரு துளை, பிறை போல. அந்தத் துளையால் முள் எடை குறைகிறது, கீழிருக்கும் எண்ணும் முழுதாக மறைவதில்லை. இன்றுவரை அந்த வடிவத்துக்கு அவர் பெயர்தான்.

சில ஆண்டுகளில் அவர் கில்லோஷ் வேலையைத் தங்க, வெள்ளி முகப்புகளுக்குக் கொண்டுவந்தார். கையால் சுற்றும் கடைசல் இயந்திரத்தில் தகட்டைப் பொருத்தி, வழிகாட்டும் அச்சின் மேடுபள்ளங்களைப் பின்பற்றி நுண்ணிய கோடுகளை ஒரே சீராக வெட்டுவதுதான் கில்லோஷ். ஒரு கை சக்கரத்தைச் சுற்றும். மறு கைவிரல் வெட்டுளியின் அழுத்தத்தைக் காக்கும். அழுத்தம் மாறினால் கோட்டின் ஆழம் மாறும். வெளிச்சம் பட்டதும் அந்த ஒரு கோடு தனியாகத் தெரியும். இதைப் பிரெகே வெறும் மினுக்குக்காகச் செய்யவில்லை என்பதற்கு அவருடைய முகப்புகளே சாட்சி. நொடி வட்டத்துக்கு ஒரு கோலம், மீதச் சக்தி காட்டும் பகுதிக்கு வேறொன்று, எண்கள் நிற்கும் வளையத்தில் கோலமே இல்லாத மங்கல் வெள்ளி. எதை எங்கே படிப்பது என்பதைப் பரப்பே சொல்லிவிடுகிறது.

போலிகள் பெருகியதும் 1795 வாக்கிலிருந்து அவர் முகப்பில் மறைகையெழுத்து இடலானார். 12 எண்ணுக்குக் கீழே, சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அளவு நுண்மையாக, பான்டோகிராஃப் கருவியால் கீறப்பட்ட பெயர் அது. ஒரு கடிகாரம் அசல் என்பதற்கான சான்றை இயந்திரத்தில் மட்டும் தேடாமல் முகப்பிலும் வைத்தது கவனிக்கத்தக்கது.

நீல முள்

எஃகு முள்ளின் நீலம் வண்ணப்பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். மெருகேற்றிய எஃகைச் சூடாக்கும்போது மேலே உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றும் நிறம் அது. பட்டறையில் செய்யும் விதம் எளிமையாகத் தோன்றும். பித்தளைத் துருவலை ஒரு சிறு தட்டில் பரப்பி, அதன் மேல் முள்ளை வைத்து, கீழே தீ காட்டுவார்கள். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா. ஏறத்தாழ 300 டிகிரியை நெருங்கும்போது ஆழ்ந்த நீலம். அங்கே எடுக்கத் தவறினால் நிறம் வெளிறிச் சாம்பலாகிவிடும். பிறகு மெருகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். விரல் ரேகையின் எண்ணெய் ஒட்டியிருந்தால் அந்த இடம் திட்டாகும்.

பெரிய சிக்கல் வேறு. ஒரு கடிகாரத்தின் மூன்று முட்களும் ஒரே நீலமாக இருக்க வேண்டும். மணி முள் அகலமானது, மெதுவாகச் சூடேறும். நொடி முள் இழை போன்றது, சட்டென்று ஏறிவிடும். ஒரே தட்டில் மூன்றையும் போட்டு ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. எந்த நொடியில் எதை எடுப்பது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது.

பிரிந்த வேலை, மறைந்த பெயர்கள்

பிரெகே போன்றவர்கள் விதிவிலக்கு. ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் வளர்ந்த தொழிலமைப்பு முழுக்க வேலைப்பிரிவினையில் நின்றது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கார்ல் மார்க்ஸ் கடிகாரத் தொழிலின் உட்பிரிவுகளை நீளமாக அடுக்குகிறார். முகப்பு செய்வோரும் முள் செய்வோரும் அந்தப் பட்டியலில் தனித்தனியே நிற்கிறார்கள். லா ஷோ-த-ஃபோன் நகரம் முழுவதையுமே ஒரே கடிகாரப் பட்டறையாகக் கருதலாம் என்பது அவர் கருத்து. முகப்பில் அச்சாகும் பெயரோ கடிகாரத்தைச் சேர்த்து விற்றவருடையது. எனாமல் இட்டவர், எண் எழுதியவர், முள் அராவியவர் ஆகியோரில் சிலரது பெயர் முகப்பின் முதுகில், இயந்திரத்தை நோக்கிய பக்கத்தில் மட்டும் கிடைக்கிறது.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய நிகழ்வு ஒன்று உண்டு. 1839இல் தொடங்கிய பதேக் பிலிப் நிறுவனம் பெருமந்தத்தில் தத்தளித்தபோது, 1932இல் அதை வாங்கியவர்கள் ஷார்ல், ஜான் ஸ்டெர்ன் சகோதரர்கள். அந்நிறுவனத்துக்கு முகப்பு செய்து கொடுத்துவந்த பட்டறைக்காரர்கள் அவர்கள். அதே ஆண்டில் வந்த கலாத்ராவா கடிகாரம் வெற்று முகப்பும் பதித்த மணிக்குறிகளும் கூர்முட்களுமாக அமைந்தது. அலங்காரம் இல்லாத முகப்பில் சிறு பிசகும் மறைய இடமில்லை.

ரேடியம்

முதல் உலகப்போரில் கைக்கடிகாரம் சிப்பாயின் கருவியானது. பதுங்குகுழியின் இருட்டிலும் மணி தெரிய வேண்டியிருந்தது. ரேடியத்தையும் துத்தநாக சல்ஃபைடையும் கலந்த ஒளிர்பூச்சு அதற்குப் பயன்பட்டது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆரஞ்சு நகரத் தொழிற்சாலையிலும், பிறகு இலினாய் மாநிலத்தின் ஒட்டாவாவிலும் இளம்பெண்கள் எண்களின் மேல் இந்தப் பூச்சைத் தீட்டினர். கோடு மெலிதாக விழ வேண்டுமானால் தூரிகை நுனி கூராக இருக்க வேண்டும். உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அழுகியது. 1925இல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் காரணத்தை மெய்ப்பித்தார். அந்தப் பெண்களில் கிரேஸ் ஃபிரையரும் வேறு நால்வரும் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டாலரும் ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகையும்.

முகப்பு வேலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தொழிற்சுகாதாரத் துறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அந்த உதடுகளைக் கேட்டது நுண்கோடுதான். 1960களில் டிரிட்டியம் ரேடியத்தின் இடத்தைப் பிடித்தது. 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கிய கதிரியக்கமற்ற ஒளிர்பொருள் இரண்டையும் விலக்கியது.

1969க்குப் பின்

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை விற்பனைக்கு வைத்தது. மாதத்துக்கு ஐந்து நொடிப் பிழை. இயந்திரக் கடிகாரம் மூன்று நூற்றாண்டுகளாகத் துரத்திய துல்லியம், பிந்தைய இருபது ஆண்டுகளில் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கலானது. விலையுயர்ந்த கடிகாரத்துக்கு இனி என்ன நியாயம் என்ற கேள்விக்கு ஸ்விட்சர்லாந்தும் ஜப்பானும் கண்டடைந்த விடைகளில் முகப்புக்கும் முள்ளுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆங்கிலேயரான ஜார்ஜ் டேனியல்ஸ் போன்ற தனிக்கைவினைஞர்கள் பழைய கில்லோஷ் இயந்திரங்களைத் தேடி வாங்கி, முகப்பு உட்பட முழுக் கடிகாரத்தையும் தாமே செய்து காட்டினர். ஜூராப் பட்டறைகளில் அணைந்துகொண்டிருந்த எனாமல் சூளைகளுக்கு மறுபடி வேலை வந்தது.

ஜப்பானிய விடைக்கு வேர் முன்பே இருந்தது. சீக்கோவின் வடிவமைப்பாளர் தாரோ தனாக்கா 1967இன் 44ஜிஎஸ் மாதிரியில், தட்டைப் பரப்புகளும் கூர்விளிம்புகளும் அகன்ற பட்டைமுட்களும் குறைந்த வெளிச்சத்தையும் பிடித்துக்காட்ட வேண்டும் என்று வரையறுத்தார். அதே வழியில் வந்த கிராண்ட் சீக்கோ ‘ஸ்னோஃப்ளேக்’ முகப்பில் வெள்ளைச் சாயமே கிடையாது; தகட்டில் சொரசொரப்பை அழுத்தி அதன் மேல் வெள்ளி முலாம் பூசியதால் வரும் பனிவெண்மை அது. மேலே ஓடும் நொடி முள் மட்டும் சூடேற்றி நீலமாக்கிய எஃகு.

முள் ஏற்றும் மேசை

பரவலாகப் புழங்கும் ஈடிஏ 2824 இயந்திரத்தில் மணி முள்ளுக்கான குழாயின் விட்டம் 1.50 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.90, நொடி முள்ளுக்கு வெறும் 0.25. முட்களைத் திருகோ பசையோ பிடிப்பதில்லை, இறுக்கமே பிடி. விரலுறை மாட்டிய கை, தேதி சட்டென்று மாறும் கணம் வரை திருகுமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தும். அதுதான் நள்ளிரவு. அங்கே மணி முள்ளும் நிமிட முள்ளும் 12இல் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தப்படும். பிறகு 6 மணிக்குச் சுற்றி இரண்டும் ஒரே நேர்கோடாக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். கடைசியில் நொடி முள். சாய்ந்து இறங்கினால் அந்தக் கால்மில்லிமீட்டர் அச்சு வளைந்துவிடும். பிறகு கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் முட்களின் இடைவெளிகளைச் சோதிக்க வேண்டும். முகப்பு குவிந்ததாக இருந்தால் நிமிட முள்ளின் நுனியையும் அதற்கேற்பக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும்.

இந்த இடைவெளிக் கணக்குக்கு நம்மூரிலும் ஒரு சான்று உண்டு. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், தன் ஓசூர் ஆலையின் பெயரைப் பேசவைத்த ‘எட்ஜ்’ மாதிரியை 2002இல் வெளியிட்டது. இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், கடிகாரம் முழுவதும் 3.5. அதில் மணி, நிமிட முட்கள் மட்டுமே. மூன்றாவது முள் என்றால் மூன்றாவது அடுக்கு. அத்தனை மெலிவில் அதற்கு இடமேது?

2017 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ஸ்விட்சர்லாந்துச் சட்டப்படி, ஒரு கடிகாரம் ‘ஸ்விஸ் மேட்’ எனப்பட அதன் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு உள்நாட்டில் ஆக வேண்டும். இயந்திரம் ஸ்விஸ் தயாரிப்பாக இருந்து, கூட்டில் பொருத்துவதும் இறுதிச் சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். முகப்பையும் முள்ளையும் பற்றி அப்படித் தனி நிபந்தனை இல்லை. அவை வேறு நாட்டிலிருந்தும் வரலாம். அந்த ‘ஸ்விஸ் மேட்’ என்ற சொற்களை அச்சிடுவதோ வழக்கமாக அந்த முகப்பில்தான், 6 எண்ணின் இருபுறமும்.