ஜீப்பில் எஞ்சின் மாற்றம்: ஒரு சுருக்க வரலாறு

பழைய ஜீப் ஒன்றின் பானெட்டைத் திறந்தால், அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எஞ்சினே உள்ளே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது இந்தியாவில் நெடுநாள் வழக்கம். இது பட்டறைக்காரர்களின் கைவேலை மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் உற்பத்தியாளர்களே பழைய ஜீப்பின் உடலில் வேறு எஞ்சினைப் பொருத்தி வந்தார்கள் என்பதை வரலாறு காட்டுகிறது.

உயர்ந்த பானெட்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் தயாரித்த ஜீப்பில் 'கோ டெவில்' என்ற 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 60 குதிரைத்திறன். அடுத்து வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில், காற்றும் எரிபொருளும் நுழையும் வால்வு பக்கவாட்டிலிருந்து மேலே, சிலிண்டர் ஹெட்டுக்கு மாற்றப்பட்டது. திறன் 70 குதிரைத்திறனைத் தாண்டியது. கூடவே எஞ்சினின் உயரமும் கூடியது. பழைய பானெட்டுக்குள் அது அடங்கவில்லை. எனவே 1953இல் வெளிவந்த சிஜே-3பி மாடலில் பானெட்டையே உயர்த்தினார்கள். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் தயாரித்த, நமக்குப் பழக்கமான உயர்ந்த முகப்புள்ள ஜீப் இதுவே. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1968இல் நின்ற பிறகும் இந்தியாவில் தொடர்ந்தது.

டீசலின் வரவு

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில், 3 டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. பெட்ரோல் ஜீப் வைத்திருப்பதே சுமையாயிற்று. டீசல் விலை குறைவு. அதே தூரத்துக்கு எரிபொருளும் குறைவாகவே செலவாகும். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துடன் சேர்ந்து மகிந்திரா 1963இல் தொடங்கிய டிராக்டர் தொழிலில் பி-275 என்ற மாடல் இருந்தது. அதன் 2.3 லிட்டர் டீசல் எஞ்சினின் வழிவந்தது பின்னர் ஜீப்பிலும் இடம்பெற்றது. 1980களில் பிரான்சின் பெஜோ நிறுவனத்தின் 2.1 லிட்டர் டீசல் எஞ்சினும் வந்தது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் பட்டறைகளில் இதே மாற்றத்தைச் செய்துகொண்டார்கள்.

மாற்றத்தின் நுட்பம்

ஜீப்பின் உடலும் சேஸிஸும் தனித்தனியானவை. எஞ்சின் சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கும். மாற்றம் எளிதானதற்கு இதுவே காரணம். ஆயினும் கழற்றி மாட்டுவதோடு வேலை முடியாது. டீசல் எஞ்சின் கனமானது, அதிர்வு மிகுந்தது. எனவே எஞ்சின் மவுண்டிங்கும் முன்பக்கப் பட்டைகளும் வலுவாக வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்க இடையில் ஒரு தகடு வேண்டும். டிராக்டர் வழிவந்த எஞ்சின் குறைந்த வேகத்தில் சுழல்வதால், கியர் விகிதத்தை மாற்றாவிட்டால் வண்டியின் உச்ச வேகம் குறையும். பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கிய வைப்பர்கூட டீசலில் இயங்காது. ஏனெனில் டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சு விசை இல்லை.

இழப்பும் பயனும்

பழைய வாகனங்களைச் சேகரிப்போர் இன்று மூல எஞ்சினையே தேடுகின்றனர். கழற்றி எறியப்பட்ட பல எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டதால் அது எளிதில் கிடைப்பதில்லை. மறுபுறம், தேனியிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் போன்ற உழைக்கும் வண்டிகளுக்கு டீசலே கட்டுப்படியானது. மாற்றம் இல்லையென்றால் பல பெட்ரோல் ஜீப்புகள் எஞ்சினோடு சேர்ந்து முழுதாகவே பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

எஞ்சின் எண் பதிவுச் சான்றில் இடம்பெறும் விவரம். அதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே பழைய ஜீப் வாங்குவோர் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சேஸிஸ் எண் வண்டியின் பிறப்பைச் சொல்லும். எஞ்சின் எண் அது பிழைத்த வழியைச் சொல்லும்.