வாயிலில் நின்றவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், நாம் தாளாளராயிருந்த உயர்நிலைப் பள்ளியொன்று தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. விழா மலர் ஒன்றையும் வெளியிட்டோம். ஆயர் பெருமகனாரின் ஆசியுரை, பெரியோரின் வாழ்த்துரைகள், பள்ளியைத் தொடங்கிய மறைபரப்புக் குருக்களின் படங்கள், தலைமையாசிரியர் அனைவரின் பெயர்ப்பட்டியல், தேர்வில் முதலிடம் பெற்றோர், விளையாட்டில் கோப்பை வென்றோர் என்று எதுவும் விடுபடாமல் பார்த்துக்கொண்டோம். அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

விழா முடிந்த மறுநாள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பள்ளியில் மணியடித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மலரை வாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மெதுவாகப் புரட்டினார். மீண்டும் ஒருமுறை புரட்டினார். பின்பு, "நம்ம மணி படம் போட்டிருக்கீங்களா சாமி?" என்று கேட்டார். தம் படத்தை அவர் கேட்கவில்லை. மணியின் படத்தைத்தான் கேட்டார். அதுவும் மலரில் இல்லை.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஒரு பள்ளியின் வரலாறு என்பது யாருடைய வரலாறு? காலையில் வாயிலைத் திறப்பவர், மணியடிப்பவர், குடிநீர் கொணர்பவர், வகுப்பறையைப் பெருக்குபவர், கழிப்பறையைக் கழுவுபவர், ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளை எடுத்துவைப்பவர், பதிவேடு எழுதுபவர், இரவெல்லாம் விழித்துக் காவல் காப்பவர் ஆகிய இவர்களில் ஒருவர் ஒருநாள் வராவிடினும் பள்ளி தடுமாறும். ஆயினும் இவர்களுக்கு அலுவல் வழக்கில் நாம் சூட்டியிருக்கும் பொதுப்பெயர் 'ஆசிரியரல்லாத பணியாளர்' என்பதே. இவர் யார் என்று சொல்லாமல், யார் அல்லர் என்று மட்டும் சொல்லும் பெயர் அது.

திருச்சபையின் பழைய பட்டியல்

தொடக்கத் திருச்சபை இவ்வாறு செய்யவில்லை என்பது நாம் கருதிப் பார்க்கத்தக்கது. கி.பி. 251ஆம் ஆண்டளவில் உரோமை ஆயராயிருந்த புனித கொர்னேலியு, அந்தியோக்கியா ஆயருக்கு ஒரு மடல் வரைந்தார். வரலாற்றாசிரியர் யூசேபியு அதனைத் தம் நூலில் காத்துத் தந்துள்ளார். உரோமைத் திருச்சபையின் பணியாளரை அம்மடல் எண்ணிக் காட்டுகிறது: குருக்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர், துணைத் திருத்தொண்டர்கள் 7 பேர், பீடப் பணியாளர் 42 பேர், பேயோட்டுவோர், வாசகர், வாயிற்காப்போர் ஆகியோர் சேர்ந்து 52 பேர். மறைக்கலாபனை ஓயாத காலம் அது. அந்நாளிலும் கதவருகே நின்றவரைத் திருச்சபை தன் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை.

வாயிற்காப்போர் நிலை பின்னாளில் குருத்துவத்தை நோக்கிய படிகளில் முதற்படியாயிற்று. ஆயர் திறவுகோலை அளிப்பார். அதனைப் பெற்றவர் ஆலயக் கதவைத் திறந்து மூடி, மணியையும் அடித்துக் காட்டுவார். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இச்சிறு பட்டங்களைச் சீர்திருத்தியபோது அந்நிலை நீக்கப்பட்டது. அதற்கு முன் திருநிலை பெற்ற மூத்த குருக்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் மணியடிப்பவராக நியமனம் பெற்ற பின்னரே பலிபீடம் ஏறினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பள்ளி வாயிலில் நின்றே புனிதரானோரும் உளர். அவர்களுள் இருவரை இங்கு நினைவுகூர்வோம்.

மயோர்க்கா தீவின் கதவு

ஸ்பெயின் நாட்டுச் செகோவியா நகரில் துணி வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் அல்போன்ஸ் ரொட்ரீகஸ். தந்தை இறந்தபின் வணிகத்தை ஏற்று நடத்தினார், மணம் புரிந்தார். வணிகம் நொடித்தது. மனைவியும் மக்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தனித்து நின்றவர் இயேசு சபையின் கதவைத் தட்டினார். உடல்நலமும் கல்வியும் போதா என்று அவர் முதலில் ஏற்கப்படவில்லை. முப்பது வயதைக் கடந்த அவர் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் பயின்றார். இறுதியில் 1571இல், ஏறத்தாழ நாற்பது வயதில், துறவறச் சகோதரராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அவ்வாண்டே மயோர்க்கா தீவின் பால்மா நகரிலிருந்த மொந்தேசியோன் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். 1617இல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் அவ்வில்லமே அவர் உலகம். அவற்றுள் நீண்ட காலம் அவர் பார்த்த பணி வாயிற்பணி. வந்தவரை வரவேற்பதும், உள்ளிருப்போரைத் தேடி அழைத்து வருவதும், செய்தி சொல்வதும், ஏழைகளுக்கு உணவளிப்பதுமே அவர் அன்றாடம். கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் வெளியே நிற்பவர் ஆண்டவரே என்று எண்ணி எழுந்து செல்வார் என அவர் வரலாறு கூறுகிறது.

1605இல் பீட்டர் கிளேவர் என்ற இளம் துறவி மெய்யியல் பயில அக்கல்லூரிக்கு வந்தார். தம் வாழ்வை எதற்குக் கொடுப்பது என்று தெளியாத இளைஞர் அவர். வகுப்பறையில் பேராசிரியர்கள் அவருக்கு மெய்யியல் கற்பித்தனர். வாயிலருகே முதிய சகோதரர் அவருக்கு வழியைக் கற்பித்தார். கடல் கடந்த நாடுகளில் கைவிடப்பட்டோரிடம் செல் என்று தூண்டியவர் அவரே. 1610இல் தென் அமெரிக்காவின் கார்த்தகேனா துறைமுகத்தை அடைந்த கிளேவர், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கு உணவும் மருந்தும் நற்செய்தியும் தந்து, 1654இல் இறக்கும் வரை உழைத்தார். அடிமைகளுக்கு என்றென்றும் அடிமை என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார்.

1888ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இவ்விருவரையும் ஒரே நாளில் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். வாயிற்காவலரும் மாணவரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றனர். அந்நாளில் அக்கல்லூரியின் தலைவராயிருந்தவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மொன்றியால் நகரின் கதவு

மற்றவர் நம் காலத்துக்கு நெருங்கியவர். கனடா நாட்டுக் கியூபெக் மாநிலத்தில் 1845இல் பிறந்த ஆந்திரே பெசெத் பன்னிரண்டு வயதில் தாய் தந்தை இருவரும் இல்லாதவரானார். எழுதப் படிக்கச் சரியாக வராது, உடலும் நலிந்தது. பண்ணையிலும் ஆலையிலும் கூலியாய் அலைந்தார். திருச்சிலுவைச் சபையில் சேர விரும்பியபோது, உடல்நலமின்மை கருதி அச்சபையார் தயங்கினர். மொன்றியால் ஆயர் பரிந்து பேசிய பின்னரே நிலைபெற்றார். அவருக்குக் கிடைத்த இடம், அந்நகரில் சிறுவர் பயின்ற நோத்ர் தாம் பள்ளியின் வாயிலறை. சுமார் நாற்பது ஆண்டுகள் அங்கே கதவு திறந்தார், தரை துடைத்தார், துணி துவைத்தார், கடிதங்கள் கொண்டுசென்றார், மாணவருக்கு முடிவெட்டினார்.

முடிவெட்டியதற்குச் சிறுவர் கொடுத்த சில்லறைக் காசுகளை அவர் சேர்த்துவைத்தார். அக்காசுகளின் துணையோடு 1904இல் பள்ளிக்கு எதிரே இருந்த குன்றின்மேல் புனித சூசையப்பருக்குச் சிறு ஆலயம் ஒன்று எழுந்தது. இன்று உலகெங்கிலுமிருந்து திருப்பயணிகள் செல்லும் பேராலயம் அதிலிருந்து வளர்ந்ததே. அவர் செபித்தால் நோய் தீரும் என்று கேள்விப்பட்ட நோயாளிகள் பள்ளி வாயிலில் குவிந்தபோது, பெற்றோர் சிலர் முகம் சுளித்தனர், முறையீடுகள் எழுந்தன. அவரும் பொறுமையோடு, பள்ளிக்கு எதிரே இருந்த டிராம் நிலையத்தில் நோயாளிகளைச் சந்தித்தார். 1937இல் அவர் இறந்தபோது, பனிக்காலக் குளிரில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் அவர் உடலைக் காண வந்தனர். 2010இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருச்சிலுவைச் சபையில் முதற்புனிதரானவர் குருவோ பேராசிரியரோ அல்லர்; ஒரு பள்ளியின் கதவு திறந்தவரே.

நம் நாட்டுப் பள்ளிகளில்

அல்போன்ஸ் வாழ்ந்த அதே இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினர். 1883இல் அது திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. 1854ஆம் ஆண்டின் கல்விச் சாசனம் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி திறந்தது. மானியம் வந்தால் கணக்கும் வரும். கணக்கு வந்தால் பதிவேடும் எழுத்தரும் வேண்டும். பள்ளி எழுத்தரின் பேனா முனையில் எத்தனை பேரின் வாழ்வு அமைந்தது என்பதை நம் பெரியோர் அறிவர். பிறந்த நாள் தெரியாத பிள்ளையைப் பெற்றோர் கையைப் பிடித்து அழைத்து வருவர், சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்பட்ட தேதியே பிறந்த நாளாகும், அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறும், அதுவே அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெறும் நாளையும் முடிவு செய்யும்.

பள்ளியின் அடுப்படிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 சூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் அது பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவருக்கும் விரிந்தபோது உயர்நிலைப் பள்ளிகளிலும் அடுப்பு எரியலாயிற்று. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பல்லாயிரம் பெண்கள் பணிபெற்றனர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. புகையில் கண் எரிய அவர்கள் வடித்த சோறு, பசித்த பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தியது.

ஆயினும் அச்சோற்றைத் தொட்ட கையின் சாதி எதுவென்று கேட்டவர்களும் நம்மிடையே உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில், சமையலர் தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதற்காக ஊரார் சிலர் எதிர்த்தனர். அவர் இடம் மாற்றப்பட்டார். போராட்டம் எழுந்த பின்னரே அதே பள்ளியில் மீண்டும் பணியேற்றார். இதைப் படித்துவிட்டு 'அது வேறு ஊர்' என்று நாம் அமைதி கொள்ள இயலுமா? நம் பள்ளிகளின் கழிப்பறைகளைக் கழுவ எந்தத் தெருவிலிருந்து ஆள் அழைத்தோம் என்பதை நம் மனச்சான்று அறியும். ஒரே நற்கருணையை உண்போர் நாம்.

எண்ணாமல் விடுவதன் விளைவு

இவர்களை எண்ணாமல் விடுவது வெறும் மறதியன்று. அதற்கு விலையும் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகளிர் கல்லூரி ஒன்றில் மாணவியரின் பேருந்துகளை ஓட்டிய ஓட்டுநர்கள், பேருந்துகள் நட்டத்தில் ஓடியதால் நிறுத்தப்பட்டபோது வேலையிழந்தனர். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ 1963இல் அதனை மறுத்தது. கல்விப்பணி என்பது ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து செய்வது. மற்றப் பணியாளரின் பங்கு அதில் மிகச் சிறியது. ஆகவே கல்வி நிலையம் தொழிலகம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. பங்கு சிறிதென்று சொல்லப்பட்ட அக்கணமே உரிமையும் இல்லையென்றாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978இல், பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் எழுவர் கொண்ட அமர்வு அக்கருத்தை மாற்றியது. நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு அத்தகைய பணியாளருக்குத் தொழிலாளர் சட்டத்தின் கதவைத் திறந்தது.

திருச்சபையாகிய நாமும் மெதுவாகவே கற்றுக்கொண்டோம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி பெரும்பாலும் ஆசிரியரையே சார்ந்துள்ளது என்று கூறிற்று. அது உண்மையே, முழு உண்மையன்று. 2022இல் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் வெளியிட்ட வழிகாட்டி, ஆசிரியரோடு மற்றப் பணியாளரையும் பள்ளிச் சமூகத்தின் உறுப்பினராக எண்ணி, பள்ளியின் கத்தோலிக்கத் தன்மைக்கு அவர்களும் பொறுப்பாளர் என்கிறது. உடலில் வலிமை குறைந்தனவாய்த் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் மேடையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். சம்பளப் பட்டியலைக் கையெழுத்திடும் மேசையில் எத்தனை முறை நினைத்தோம்?

அந்தச் சம்பளப் பட்டியலில்தான் நாமும் இறுதியில் தேடினோம். மணியடித்த முதியவர் கேட்டுச் சென்ற பின், பள்ளியின் பழைய பெட்டியைத் திறந்து சம்பளப் பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டினோம். கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றில், வருவாய் முத்திரையின்மேல் கையொப்பங்களும், கையொப்பமிடத் தெரியாதோரின் பெருவிரல் பதிவுகளும் இருந்தன. நம் பள்ளியில் அவர்கள் வாழ்ந்ததற்கு வேறு எழுத்துச் சான்று இல்லை. எழுத்தர் ஒவ்வொரு பெயராகப் படிக்க, நாம் எழுதிக்கொண்டோம். நான்கு பக்கங்களில் இணைப்பு ஒன்று அச்சிட்டு மலரோடு சேர்த்தோம். மணியின் படமும் அதில் இருந்தது.

முதியவரிடம் ஒரு படியைக் கொடுத்தோம். அவர் பட்டியலில் விரல்வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்து வந்தவர், தம் பெயருக்கு முன்னரே ஓரிடத்தில் நின்றார். பல ஆண்டுகள் அவரோடு அதே பள்ளியில் பெருக்கிக் கழுவி மறைந்த அம்மையார் ஒருவரின் பெயர் அது. "அந்தம்மா பேரு இதுவா சாமி? எங்களுக்குத் தெரியாதே" என்றார். நாமும் அன்றுதான் அறிந்தோம்.

ஆகவே அன்பர்களே, உங்கள் பங்கிலும் பள்ளி இருக்கும். அதன் பழைய பதிவேடுகளும் ஏதோ ஓர் அறையில் இருக்கும். கறையான் முந்திக்கொள்ளும் முன் அவற்றைத் திறந்து பாருங்கள். உங்களுக்குக் கதவு திறந்தவர் இன்னும் உயிரோடிருந்தால், அவர் பெயரை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆயன் வரும்போது அவருக்கு வாயிலைத் திறந்துவிடும் காவலர் ஒருவர் யோவான் நற்செய்தியில் வருகிறார். அவருக்கும் அங்கே பெயர் இல்லை. ஆனால் ஆண்டவர் அவரைக் குறிப்பிடாமல் விடவில்லை.