கோ. வெங்கடசாமி (1918–2006)

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கண் மருத்துவர். 'டாக்டர் வி' என்று அழைக்கப்பட்டவர். எட்டயபுரம் அருகே அயன் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1 அன்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கரிசல் கிராமம் அது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பிரசவத்தில் மாண்டதைப் பார்த்து வளர்ந்தவர், மகப்பேறு மருத்துவராகவே விரும்பினார். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பிறகுதான் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்.

1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தார். 1973இல் பத்மஸ்ரீ பெற்றார். 1976இல் ஓய்வு பெற்றதும் தங்கை ஜி. நாச்சியார், அவர் கணவர் பி. நம்பெருமாள்சாமி முதலியோருடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீதான பக்தியே பெயருக்குக் காரணம்.

கைத்திறனைவிடப் பெரியது அவர் வகுத்த ஏற்பாடு. இலவச சிகிச்சை என்று அறிவித்தும் கிராமத்தார் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு ஆகியவையே தடை என்பது விசாரித்தபோது தெரிந்தது. கிராமங்களில் நடத்திய கண் முகாமிலிருந்து நோயாளிகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவிடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. அறுவை அரங்கில் ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேஜையில் இன்னொருவர் தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று முன்பின் வேலைகளைக் கவனிப்பதால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. பணம் கட்டுவோரின் வருவாய் இலவச சிகிச்சையையும் தாங்கியது. ஏழைக்கு வைத்தியம் பார்க்க நன்கொடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியதே அவருடைய தலையாய சாதனை.

1985இல் தேனியிலும் 1988இல் திருநெல்வேலியிலும் கிளைகள் எழுந்தன. தென்கோடி மக்களுக்கு மதுரைப் பயணம் மிச்சமானது.

அந்நாளில் கண்புரை நீக்கிக்கொண்டவர்கள் சோடாப்புட்டிக் கண்ணாடியோடுதான் வீடு திரும்பினர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இலேயே பொருத்தியிருந்தும், ஏழைகளுக்கு அதன் விலை எட்டவில்லை. 1992இல் மதுரையில் அரவிந்த் தொடங்கிய லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப், நூறு டாலருக்கு மேல் விற்ற லென்ஸைச் சுமார் பத்து டாலருக்குத் தயாரித்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது.

திருமணம் செய்துகொள்ளாத வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார்.