எக்ஸ்ரூட்டி தரவு சர்வரில் சேமிப்புக் குழுக்கள்

எக்ஸ்ரூட்டி என்பது துகள் இயற்பியல் சோதனைகளின் பெருந்தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைத்துக் கேட்பவருக்கு எடுத்துத் தரும் திறந்தமூல மென்பொருள். அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 1999 முதல் 2008 வரை தரவு திரட்டிய பாபார் சோதனைக்காக ஆண்ட்ரூ ஹனுஷெவ்ஸ்கி முதலானோர் இதை வளர்த்தெடுத்தனர். பின்னர் செர்னின் எல்எச்சி சோதனைகளுக்கும் பரவியது. அவற்றுள் ஒன்றான ஆலிஸ் சோதனையின் தரவு இதன் வழியாகவே போய்வருவதால், அச்சோதனையில் பங்கேற்கும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்துக்கும் இது அன்றாடக் கருவி.

ஒரு தரவு சர்வரில் பல டிஸ்க்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனிப் பார்ட்டிஷன். பயனருக்கோ ஒரே கோப்பு மரம்தான் தெரிய வேண்டும். அதற்காகப் பல பார்ட்டிஷன்களை ஒரு பெயரின் கீழ் சேர்ப்பதே குழு. ஸ்லாக்கில் நிரந்தரப் பிரதி டேப்பில் இருந்தது, டிஸ்க் அதன் முன்னால் நின்ற இடைச்சேமிப்பு, அதாவது கேஷ். அதனால் பழைய பதிப்புகளில் இதற்கான கட்டளை 'ஓஎஸ்எஸ்.கேஷ்'; பிறகு 'ஓஎஸ்எஸ்.ஸ்பேஸ்' ஆனது. நினைவக கேஷுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அமைப்புக் கோப்பில் கட்டளையை அடுத்துக் குழுவின் பெயர், அதை அடுத்துப் பார்ட்டிஷனின் பாதை. ஒரு பாதைக்கு ஒரு வரி. பாதையின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அதன் கீழுள்ள அடைவுகள் எல்லாம் சேர்ந்துவிடும். குழு எதையும் குறிப்பிடாமல் வரும் கோப்பு 'பப்ளிக்' குழுவுக்குப் போகும். ஆகவே அந்தப் பெயரில் ஒரு குழு கட்டாயம் வேண்டும். கோப்பின் பாதையை வைத்தே குழுவை முடிவுசெய்யவும் புதிய பதிப்புகளில் வழியுண்டு. பயனர் தரும் குறிப்பை நம்புவதைவிட இதுவே நல்லது. ஒரே பார்ட்டிஷனின் இரண்டு அடைவுகளை ஒரு குழுவில் சேர்ப்பது வீண் வேலை: இடம் இரட்டிப்பாகாது, சுமையும் பிரியாது.

எந்தப் பார்ட்டிஷனில் எழுதுவது என்பதை 'ஓஎஸ்எஸ்.அல்லாக்' தீர்மானிக்கிறது. அதற்கு மூன்று எண்கள். முதலாவது, பார்ட்டிஷனில் குறைந்தது எவ்வளவு காலியிடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. இரண்டாவது, கேட்ட அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் கூடுதலாக ஒதுக்கிப் பார்ப்பது என்பது. உண்மையான விளைவு மூன்றாவதில் இருக்கிறது: இரு பார்ட்டிஷன்களின் காலியிட வேறுபாட்டில் எத்தனை சதவீதத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பது அது. 0 என்றால் அதிகக் காலியிடம் உள்ளதே எப்போதும் தேர்வாகும். 100 என்றால் காலியிடத்தைப் பாராமல் முறைவைத்துச் சுற்றிவரும்.

தலா 1 டிபி மட்டும் மீதமுள்ள மூன்று டிஸ்க்குகளோடு 10 டிபி காலி டிஸ்க் ஒன்றைச் சேர்ப்பதாகக் கொள்வோம். மூன்றாவது எண் 0 எனில், அடுத்த 9 டிபி முழுவதும் புதிய டிஸ்க்கிலேயே கொட்டும். அதிகம் படிக்கப்படுவதும் பெரும்பாலும் புதிய கோப்புகள்தான். எழுதுவதும் படிப்பதும் ஒரே டிஸ்க்கில் குவிய, மற்ற மூன்றும் சும்மா கிடக்கும். 20 என்று வைத்தாலும் பயனில்லை. வேறுபாடு அவ்வளவு பெரிது. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் தொகுதியாகச் சேர்ப்பதே இதற்குச் சரியான வழி.

ஒரு கோப்பு பார்ட்டிஷன்களுக்கிடையே பிரிக்கப்படுவதில்லை, எழுதும் நடுவில் இடம் மாறுவதுமில்லை. தேர்ந்த பார்ட்டிஷன் நிரம்பினால், பக்கத்தில் இடம் இருந்தாலும் எழுதுவது தோற்கும். அனுப்புபவர் கோப்பின் அளவை முன்கூட்டியே சொல்வது இதனால்தான் முக்கியம்.

பயனர் காணும் மரத்தில் தரவு இல்லை. அங்கிருப்பவை சிம்பாலிக் லிங்க்குகள். ஒவ்வொன்றும் தரவுக் கோப்பின் முழுப் பாதையைச் சுட்டும். டிஸ்க் ஒன்று பழுதானால் கோப்பின் பெயர் பட்டியலில் வரும், திறந்தால் பிழை வரும். டிஸ்க்கை வேறு பெயரில் மவுண்ட் செய்தாலும் இதே கதிதான். லிங்க்குகள் மட்டுமே உள்ள இந்தப் பெயர் மரம் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆனாலும் சர்வரிலேயே அதிகம் காக்க வேண்டியது அதுதான். அதை மிரர் செய்த டிஸ்க்கில் வைக்க வேண்டும்.

லிங்க் முழுப் பாதையைச் சுட்டுவதால் ஒரு வசதியும் கிடைக்கிறது. பழைய டிஸ்க்கை ஓய்வுபெறச் செய்ய, முதலில் அதன் வரியை அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கி சர்வரை மறுபடி இயக்கினால் போதும். புதிய கோப்புகள் அங்கே போகாது. இருப்பவை வழக்கம்போல் திறக்கும். பிறகு எஃப்ஆர்எம் அட்மின் கருவியின் 'ரீலாக்' கட்டளையால் அவற்றைக் குழுவின் மற்றப் பார்ட்டிஷன்களுக்கு நகர்த்தலாம். கடைசிக் கோப்பும் நகர்ந்த பின்பே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.